படம் எழுப்பும் வினா

(மும்பையில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், ‘அண்மையில் படித்த நூல்கள்’ என்னும் வரிசையில் நிகழ்த்திய சொற்பொழிவு)

நூல்களைப் பற்றிப் பேசும் இவ்வரிசையில் இதுகாறும் காப்பியங்களும் நாவல்களும் வரலாற்று நூல்களும் பேசப்பெற்றன. இன்று எனக்கு அளித்துள்ள நேரத்தில் மூன்று சித்திரக்கதை நூல்களைப் பற்றிப் பேச விழைகிறேன். ‘ஆண்டு விழா மேடையில் சித்திரக்கதையா?’ என்று பின்வரிசையில் ஒருவர் மெல்லக் கேட்பது எனக்கும் கேட்கிறது. அவருக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

சித்திரக்கதை என்றவுடன் நம் நினைவில் எழுபவை சில உண்டு. 1960-இல் ‘தினத்தந்தி’யில் தொடங்கி முடிவே காணாமல் நீண்ட ‘கன்னித்தீவு’, 1967-இல் அனந்த் பை அவர்கள் தொடங்கிய ‘அமர் சித்திரக் கதை’, சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் ‘இரும்புக்கை மாயாவி’ ஆகியவற்றை அறியாதார் இங்கு மிகச் சிலரே. பாடப்புத்தகத்தின் நடுவே ஒளித்து வைத்து அவற்றைப் படித்தவர்கள் இந்த அவையில் பலர் இருப்பர். அவர்களே இன்று பேரப்பிள்ளையின் கையிலிருந்து அத்தகைய புத்தகத்தைப் பிடுங்கி வைப்பவர்களாகவும் இருக்கலாம்!

அவை இனிய நூல்கள். அவற்றைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்டவை வேறு வகையின. அவற்றில் வானில் பறக்கும் வீரன் இல்லை; இறுதிப் பக்கத்தில் தீயவன் பிடிபடுவதும் இல்லை. உலகில் உண்மையாக நிகழ்ந்த கொடுமைகளில் அகப்பட்ட மனிதர்கள், தாம் பட்டதை நினைவுகூர்வதே அவற்றின் பொருள். சிறுவர்க்கென எழுதப்பட்டவையும் அல்ல.

படத்தைக் கண்டு கதை அறிவது தமிழருக்குப் புதிதன்று. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல், நப்பண்ணனார் என்னும் புலவர் செவ்வேளைப் போற்றிப் பாடியது. அதில் திருப்பரங்குன்றத்துக்கு வந்த மக்கள் ஆங்குள்ள ஓவியங்களைக் கண்டு நிற்கின்றனர். இவர் யார், அவர் யார் என்று ஒருவரையொருவர் கேட்கின்றனர். அறிந்தவர்கள் சுட்டிக் காட்டி விடை கூறுகின்றனர். காமனும் இரதியும் அவ்வோவியத்தில் இருக்கின்றனர். அகலிகையின் கதையும் தீட்டப்பட்டிருக்கிறது. அதில் இந்திரன் எவ்வுருவில் இருக்கிறான் தெரியுமா? பூனை உருவில் இருக்கிறான்!

இக்காட்சியில் ஒன்றை நாம் கருத வேண்டும். ஓவியம் தானே முழுக் கதையையும் சொல்லிவிடவில்லை. அது காண்பார் நெஞ்சில் ஒரு வினாவை எழுப்பியது. அவ்வினா, கதை அறிந்தவரின் வாயைத் திறந்தது. கேட்பவரும் சொல்பவரும் அருகருகே நின்றனர். நான் படித்த மூன்று நூல்களும் இதே செயலைத்தான் செய்கின்றன. அதனைக் காட்டுவதே என் உரையின் நோக்கம்.

முதல் நூல் ‘மௌஸ்’. எலி என்று பொருள்படும் ஜெர்மானியச் சொல் அது. ஆக்கியவர் அமெரிக்கரான ஆர்ட் ஸ்பீகல்மன். முதல் பகுதி 1986-இலும் இரண்டாம் பகுதி 1991-இலும் நூலாயின. 1992-இல் இதற்குப் புலிட்சர் சிறப்புப் பரிசு வழங்கப்பட்டது.

ஆசிரியரின் தந்தை விளாடெக், போலந்து நாட்டு யூதர். இட்லரின் ஆட்சியில் யூதர்கள் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்ட காலத்தில், அவுஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குள் சென்று உயிரோடு மீண்டவர். மனைவி ஆன்யாவும் அவ்வாறே மீண்டவர். அவர்களின் முதல் மகன், சிறு குழந்தை, போரில் மாண்டுவிட்டான். போர் முடிந்த பின் பிறந்தவர்தான் நம் ஆசிரியர். நியூயார்க் நகரில் முதுமையில் வாழும் தந்தையிடம் மகன் செல்கிறார். ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு, ‘அப்பா, சொல்லுங்கள்’ என்று கேட்கிறார். தந்தை சொல்கிறார். நூல் முழுவதும் இதுவே.

இந்நூலில் யூதர்கள் எலிகளாகவும், ஜெர்மானியர் பூனைகளாகவும், போலந்தினர் பன்றிகளாகவும் வரையப்பட்டிருக்கின்றனர். இத்துணைப் பெரிய கொடுமையை விலங்குகளின் உருவில் சொல்லலாமா என்ற ஐயம் எழும். படிக்கும்போது அவ்வையம் அகலுகிறது. யூதர்களை அழிக்கத்தக்க எலிகள் என இழித்தவர்கள் நாஜிகளே. அவ்விழிவுரையை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதற்குள் ஒரு மனித முகத்தை ஆசிரியர் காட்டிவிடுகிறார். தந்தை தம்மை யூதர் அல்லாதவராகக் காட்டித் தெருவில் நடக்க வேண்டிய இடத்தில், எலி தன் முகத்தில் பன்றியின் முகமூடியைக் கட்டிக்கொண்டு செல்கிறது. முகமூடியின் கயிறு நமக்குத் தெரிகிறது. அஞ்சி அஞ்சித் தெருவைக் கடக்கும் ஒருவனின் நிலையை அந்தக் கயிறு ஒன்றே உணர்த்திவிடுகிறது. மற்றோரிடத்தில் கணவனும் மனைவியும் போக இடமின்றி நடக்கின்றனர். அவர்கள் முன் விரியும் பாதையே நாஜிகளின் சுவஸ்திகை வடிவில் கிடக்கிறது. எத்திசையில் சென்றாலும் தப்ப வழியில்லை என்பதைச் சொல்ல ஆசிரியர்க்கு ஒரு படம் போதுமானதாயிற்று.

என்னை மிகவும் ஆட்கொண்டது வேறொன்று. மகன் தந்தையைத் தெய்வமாக்கவில்லை. விளாடெக் கருமி, கிடக்கும் கம்பித் துண்டையும் பொறுக்கி வைப்பவர், பாதி உண்ட உணவுப் பொருளையும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்பவர். இனவெறியால் அத்தனை துன்பமும் பட்ட அவரே, வழியில் வண்டியில் ஏற்றிக்கொண்ட ஒரு கறுப்பின இளைஞனை இழிவாக எண்ணுகிறார். இதனையும் மகன் மறைக்காமல் வரைகிறார். துன்பம் மனிதனைத் தானாகவே மேன்மைப்படுத்திவிடும் என்னும் எளிய நம்பிக்கைக்கு அந்நூலில் இடமில்லை. அதனாலேயே விளாடெக் நம் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் போல நமக்கு நெருங்கியவராகி விடுகிறார்.

தாய் ஆன்யா 1968-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். முகாமின் நினைவுகளை அவர் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார். மகன் அவற்றைத் தேடித் தேடிக் கேட்கிறார். இறுதியில் தந்தை உண்மையைச் சொல்கிறார்: மனைவி இறந்த துயரில் அவற்றை எரித்துவிட்டாராம். முதல் பகுதி அவ்விடத்தில் முடிகிறது. தந்தையின் சொல் நூலாயிற்று. தாயின் சொல் சாம்பலாயிற்று. காலத்தில் கேட்கப்படாத சொல்லுக்கு நேரும் கதி அது.

இரண்டாம் நூல் ‘பெர்சபோலிஸ்’. ஈரானில் 1969-இல் பிறந்த மர்ஜான் சத்ராபி என்னும் பெண்மணி பிரெஞ்சு மொழியில் ஆக்கியது. 2000 முதல் 2003 வரை நான்கு பகுதிகளாக வெளிவந்தது. 1979-இல் ஈரானில் மன்னராட்சி வீழ்ந்து மதத்தலைவர்களின் ஆட்சி எழுந்தது. அடுத்த ஆண்டில் ஈராக்குடன் மூண்ட போர் 1988 வரை நீண்டது. இவற்றையெல்லாம் ஒரு சிறுமியின் கண்களால் இந்நூல் காட்டுகிறது.

வண்ணம் இல்லை, நிழலும் மென்சாயலும் இல்லை, வெறும் கறுப்பும் வெளுப்பும். குழந்தை வரைந்தது போன்ற கோடுகள். பத்து வயதுச் சிறுமியரைப் பள்ளியில் முக்காடு அணியச் சொல்கின்றனர். ஏன் என்று விளங்காத பிள்ளைகள் அத்துணியைக் கயிறாக்கிக் குதித்து விளையாடுகின்றனர். நமக்குச் சிரிப்பு வருகிறது. சில பக்கங்கள் கழித்து, போருக்கு அனுப்பப்படும் ஏழைச் சிறுவர்களின் கையில், பொன்னிறம் பூசிய பிளாஸ்டிக் சாவி ஒன்று கொடுக்கப்படுகிறது. அது சொர்க்கத்தின் சாவியாம்! சிரித்த வாய் அடைத்துப் போகிறது.

இந்நூலில் ஒரு கட்டத்தைப் பற்றி மட்டும் தனியே சொல்ல வேண்டும். அண்டை வீட்டின் மீது ஏவுகணை விழுந்துவிடுகிறது. சிறுமி தாயுடன் அவ்வழியே செல்கிறாள். இடிபாடுகளுக்கிடையே தன் தோழியின் கைவளையைக் காண்கிறாள். அவ்வளையில் இன்னும் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த கட்டத்தில் சிறுமி கண்களை மூடிக்கொள்கிறாள். அதற்கடுத்த கட்டத்தில் படமே இல்லை, முழுவதும் கறுப்பு.

சித்திரக்கதையைப் படிப்பவன் படத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறான், அவனுடைய கற்பனை மழுங்கிவிடும் என்று கூறுவோர்க்கு இக்கறுப்புக் கட்டமே விடை. ஒரு கட்டத்துக்கும் மறு கட்டத்துக்கும் இடையே சிறு வெற்றிடம் உண்டு. அங்கே எழுத்தும் இல்லை, படமும் இல்லை. அவ்விடத்தை நிரப்ப வேண்டியவன் படிப்பவனே. முதல் கட்டத்தில் ஓங்கிய கை, அடுத்த கட்டத்தில் தரையில் கிடக்கும் மனிதன். அடி விழுந்தது எங்கே? நம் மனத்தில்! திரைப்படம் தன் வேகத்தில் நம்மை இழுத்துச் செல்கிறது. சித்திரக்கதையோ நம்மை நிறுத்தி வைக்கிறது. முன்பக்கத்துக்குத் திரும்பவும் விடுகிறது. ஆதலின் இதுவும் படிப்பே. கவனமாகச் செய்ய வேண்டிய படிப்பு.

கேட்பவரும் சொல்பவரும் இந்நூலிலும் உளர். சிறையிலிருந்து மீண்ட சிற்றப்பா அனூஷ், சிறுமி மர்ஜியை அருகில் அமர்த்திக்கொண்டு தம் வாழ்வைச் சொல்கிறார். குடும்பத்தின் நினைவு அழிந்துவிடக் கூடாது என்கிறார். பின்னர் புதிய ஆட்சியினர் அவரைக் கொன்றுவிடுகின்றனர். அவர் சொன்னதைக் கேட்ட சிறுமி வளர்ந்து வரைந்தாள். அவர் இன்று உலகெங்கும் அறியப்படுகிறார். பாட்டி ஒருத்தியும் இருக்கிறாள். நாள்தோறும் காலையில் மல்லிகை பறித்துத் தன் மார்பணியில் வைத்துக்கொள்பவள். பேத்தி பதினான்காம் வயதில், 1984-இல், தனியே வியன்னா நகருக்கு அனுப்பப்படுகிறாள். புறப்படும் முன்னிரவு அம்மல்லிகை மணத்தில் தலைசாய்த்துப் படுத்திருக்கிறாள். ஊரை விட்டு வந்தவர்களாகிய நமக்கு அந்தப் படத்துக்கு உரை வேண்டியதில்லை.

மூன்றாம் நூல் நம் நாட்டினது. ‘பீமாயணம்’ என்பது பெயர். அறிவர் அம்பேத்கர் தீண்டாமையால் பட்ட துன்பங்களைச் சொல்வது. 2011-இல் தில்லியின் நவயானா பதிப்பகம் ஆங்கிலத்தில் வெளியிட்டது, தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளது. கதையை எழுதியவர்கள் ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும். வரைந்தவர்கள் மத்தியப் பிரதேசத்துக் கோண்டு மரபின் ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இணையர்.

இவ்வோவியர்கள் மேனாட்டுச் சித்திரக்கதையின் சதுரக் கட்டங்களை ஏற்கவில்லை. தம் மரபில் வீட்டுச் சுவரிலும் தரையிலும் இடும் கோலங்களைப் போன்ற வளைகோடுகளாலேயே பக்கத்தைப் பகுத்துக்கொண்டனர். பேச்சைக் குறிக்கும் குமிழிகளிலும் புதுமை செய்தனர். அன்பான சொல் பறவையின் வடிவுடைய குமிழியில் வருகிறது. சாதி நஞ்சு தோய்ந்த சொல்லோ, தேள்கொடுக்கு உடைய குமிழியில் வருகிறது. எழுத்தறியாத குழந்தையும் எது கொட்டும் சொல், எது கொட்டாச் சொல் என்று அறிந்துகொள்ளும்.

இங்கும் கதை ஒரு வினாவில் தொடங்குகிறது. இக்காலத்து நகரம் ஒன்றின் பேருந்து நிறுத்தத்தில் ஓர் இளைஞன், இட ஒதுக்கீட்டைக் குறை கூறுகிறான். அருகில் நிற்கும் பெண் அவனுக்கு அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்குகிறாள். 1901-இல் சிறுவர்களாகிய பீமும் உடன்வந்தோரும் தந்தையைக் காண இரயிலில் சென்று மாசூர் நிலையத்தில் இறங்குகின்றனர். அவர்கள் மகார் சாதியினர் என்று அறிந்ததும் நிலைய அதிகாரியின் முகம் மாறுகிறது. மாட்டுவண்டிக்காரன் இருமடங்கு கூலிக்கே இசைகிறான். அதுவும், பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், தான் தீட்டுப்படாமல் நடந்து வருவேன் என்கிறான். கட்டுச்சோறு கையில் இருந்தும், தண்ணீர் தருவார் இன்மையால் அன்றிரவு பிள்ளைகள் உண்ணாமலே கிடந்தனர்.

1917-இல், அயல்நாட்டில் உயர்கல்வி கற்றுத் திரும்பிய அதே பீமராவ், பரோடா அரசில் பணியேற்கச் செல்கிறார். தங்க இடமில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் வேற்றுப் பெயரில் தங்குகிறார். பதினோராம் நாள் தடியேந்திய கூட்டம் வந்து அவரை வெளியேற்றுகிறது. நண்பர்களும் இடம் தரவில்லை. பூங்கா ஒன்றில் மணிக்கணக்கில் அமர்ந்திருந்து, இரவு வண்டியில் பம்பாய்க்குத் திரும்புகிறார். அந்த பம்பாய்தான் நாம் கூடியிருக்கும் இந்த மும்பை. பிற்காலத்தில் அவர் தம் நூல்களுக்கும் இடம் வேண்டிக் கட்டிய ‘இராஜகிருகம்’ என்னும் இல்லம் தாதரில் இருக்கிறது. நம்மவர் பலர் வாழும் மாதுங்காவிலிருந்து நடந்தே சென்றுவிடலாம். அவ்வழியே நாள்தோறும் செல்லும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அதனை அறிவர்? பீமாயணத்தைப் படித்த பிள்ளை, ‘இதுதானே அந்த வீடு?’ என்று கேட்கும்.

மூன்று நூல்களையும் ஒருங்கே வைத்து எண்ணிப் பாருங்கள். இருக்க இடமின்றி அலைந்த மனிதர்களின் கதைகளே மூன்றும். மூன்றிலும் ஒருவர் சொல்ல, மற்றொருவர் கேட்கிறார். கேட்டவர் இல்லையேல் நூல் இல்லை.

இத்தகைய கொடுமைகளைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கலாமா என்ற கேள்வி நியாயமானதே. 2022-ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு மாவட்டக் கல்விக் குழு, தகாத சொற்களும் ஆடையற்ற உருவமும் உள்ளன என்று கூறி, எட்டாம் வகுப்புப் பாடத்திட்டத்திலிருந்து ‘மௌஸ்’ நூலை நீக்கியது. அச்செய்தி பரவியதும் நூலைத் தேடி வாங்கியோர் தொகை பெருகியது. நான் சொல்வது இதுதான்: ஐந்து வயதுக் குழந்தைக்கு இவை உரியன அல்ல. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு உரியன. ஆனால் தனியே அன்று, பெற்றோரும் உடன் படிக்க வேண்டும். நாம் மறைத்தால் பிள்ளைகள் கொடுமையை அறியாமல் இருந்துவிடப் போவதில்லை. நம்மிடம் கேட்காமல் வேறிடத்தில் அறிந்துகொள்வர், அவ்வளவே.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் சங்கக் கூட்டங்களில் ஆண்டுதோறும் எழும் முறையீடு ஒன்று உண்டு: ‘பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், படிக்கத் தெரியவில்லை.’ உண்மைதான். பள்ளியில் ஆங்கிலம், இந்தி, மராத்தி. தமிழுக்கு எஞ்சுவது அடுக்களையும் தொலைபேசியும். ஊரிலிருந்து அன்போடு வாங்கி வரும் நூல்கள் அலமாரியில் உறங்குகின்றன. அப்பிள்ளையின் கையில் நல்ல சித்திரக்கதை ஒன்றைத் தமிழில் கொடுத்துப் பாருங்கள். முதலில் படம் அவனை நிறுத்தும். பிறகு, ‘இவர் என்ன சொல்கிறார்?’ என்று குமிழியைக் காட்டிக் கேட்பான். அங்கே எழுத்துக்கு ஒரு வாயில் திறக்கும். படம் எழுத்துக்கு மாற்று ஆகாது. எழுத்தை நாடச் செய்யும் துணை அது.

ஆயினும் நான் இதனைவிடப் பெரிதாகக் கருதுவது வேறொன்று. இந்நகருக்கு முதன்முதல் வந்த தலைமுறை நம்மிடையே குறைந்துகொண்டே வருகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் மக்கள் இருக்கிறார்கள். தட்டச்சும் சுருக்கெழுத்தும் மட்டுமே செல்வமாகக் கொண்டு மாதுங்காவில் இறங்கியவர்கள் இருக்கிறார்கள். ஓர் அறையில் பத்துப் பேர் முறை வைத்து உறங்கியது எப்படி? மொழி அறியாத தெருவில் முதல் நாள் என்ன வாங்கி உண்டீர்கள்? 1960-களின் பிற்பகுதியில் தென்னாட்டவர் மீது இந்நகரில் வெறுப்பு எழுந்தபோது எவ்வாறு வாழ்ந்தீர்கள்? அப்போது உங்களுக்குத் துணைநின்ற மராத்தி அண்டை வீட்டார் யார்? இவ்வினாக்களை நம் பிள்ளைகள் இன்னும் கேட்கவில்லை. நாமும் சொல்லவில்லை. வீடு மாற்றும்போது பழைய இன்லண்டுக் கடிதங்களைக் கட்டாகக் கட்டிப் பழைய காகிதக்காரனிடம் போட்டுவிடுகிறோம். ஆன்யாவின் குறிப்பேடுகளை எரித்த விளாடெக் துயரம் தாளாமல் எரித்தார். நாமோ இடம் போதவில்லை என்று போடுகிறோம்.

ஆகவே சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, நம் நூலகத்தில் நல்ல சித்திரக்கதைகளுக்கென ஒரு தட்டை ஒதுக்குங்கள்; இம்மூன்றும் அதில் முதலில் அமையட்டும். மற்றொன்று, அடுத்த ஆண்டு மலரில் நான்கு பக்கங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒரே ஒரு வினாவைக் கேட்டு, பெற்ற விடையை ஒரு பக்கத்தில் வரைந்து தரட்டும். கோடு கோணலாக இருக்கலாம், தமிழில் பிழை இருக்கலாம், திருத்திக்கொள்ளலாம்.

பெரியோர்களிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கேட்கும்போது வெற்றிக் கதையை மட்டும் சொல்லாதீர்கள். பட்ட அவமானத்தையும் சொல்லுங்கள். பிறர்க்கு நாம் இழைத்த அவமானம் இருப்பின் அதனையும் சொல்லுங்கள். ஊரிலிருந்து பெட்டியோடு சாதியையும் ஏற்றி வந்தவர்கள் நம்மில் இல்லாமல் இல்லை. விளாடெக்கின் மகன் தந்தையின் குறையை மறைக்கவில்லை. அதனால் தந்தையின் மதிப்பு குறைந்துவிடவும் இல்லை. நம் பிள்ளைகளும் உண்மையைத் தாங்க வல்லவர்களே.

பரங்குன்றத்து ஓவியங்கள் இன்று இல்லை. ஆனால் அவற்றின் முன் நின்று கேட்டவர்களின் வினாவும், சொன்னவர்களின் விடையும் பாட்டில் நிலைத்துவிட்டன. நம் வீடுகளிலும் அவ்வினா எழட்டும். விடை சொல்ல நாம் இருக்கும் காலத்திலேயே எழட்டும்.